ஒரே இணைப்பில் திறந்து நிற்கும் பல வினவல்கள்: மார்ஸை இயக்குவதற்கு முன்

நீங்கள் எழுதியிருப்பதை முதலில் என் சொற்களில் அடுக்கிக்கொள்கிறேன். சி ஷார்ப்பில் எழுதப்பட்டு இரவில் ஓடும் ஒரு நிரல். எஸ்க்யூஎல் சர்வரிலிருந்து நிலுவையில் உள்ள ஆர்டர்களை டேட்டாரீடர் (முடிவுப் பதிவுகளை ஒவ்வொன்றாகத் தரும் பொருள்) மூலம் ஒவ்வொன்றாகப் படிக்கிறது. சுழற்சிக்குள், அந்த ஆர்டரின் பொருட்களை இன்னொரு செலக்ட் மூலம் எடுத்து, தொகையைக் கணக்கிட்டு, ஆர்டர் பதிவை அப்டேட் செய்கிறது. எல்லாம் ஒரே இணைப்பில், முழுதும் நடக்கும் அல்லது எதுவுமே நடக்காது என்று கட்டிய ஒரே டிரான்சாக்‌ஷனுக்குள். உள்ளே இருக்கும் செலக்ட் தொடங்கியதும், 'ஏற்கெனவே ஒரு டேட்டாரீடர் திறந்திருக்கிறது, முதலில் அதை மூட வேண்டும்' என்ற பொருளில் பிழை வருகிறது. இணைப்புச் சரத்தில் மார்ஸ் என்ற, ஒரே இணைப்பில் பல முடிவுகளைத் திறந்து வைக்க விடும் வசதியை இயக்கியதும் பிழை மறைந்துவிட்டது. இதே அமைப்பில் நீங்கள் முன்பு பிஎச்பியும் மைஎஸ்க்யூஎல்லும் கொண்டு எழுதிய நிரலில் இந்தப் பிழை வந்ததே இல்லை. மார்ஸை இயக்கியது சரிதானா, உள் வினவலுக்குத் தனி இணைப்பு திறப்பது மேலா என்று கேட்கிறீர்கள். பிழை போன பிறகும் மனம் ஒப்பாமல் கேட்டிருக்கிறீர்கள் அல்லவா, அந்தத் தயக்கம் நியாயமானது.

இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் வேறொரு கேள்விக்கு விடை தெரிய வேண்டும். செலக்ட்டை ஓட்டினீர்கள், இன்னும் பாதிப் பதிவுகளைப் படிக்கவில்லை. அந்த மீதிப் பதிவுகள் இந்த நொடியில் எங்கே இருக்கின்றன? மூன்று இடங்களில் ஒன்றில்தான் இருக்க முடியும்: உங்கள் நிரலின் நினைவகத்தில், சர்வரின் பக்கத்தில், அல்லது இரண்டுக்கும் நடுவே இணைப்பின் மீது பாதி வந்த நிலையில். மூன்றாவது இடத்தில் இருந்தால்தான் நீங்கள் கண்ட பிழை வரும். தரவுத்தளத்துக்குத் தரவுத்தளம், அதோடு பேசும் நூலகமான டிரைவருக்கு டிரைவர் நடத்தை மாறுவது போலத் தோன்றுவதெல்லாம் பெரும்பாலும் இந்த ஓர் இடத்தைப் பற்றிய வேறுபாடுதான்.

எஸ்க்யூஎல் சர்வர் பேசும் டிடிஎஸ் என்ற நெறிமுறை 1980களில் சைபேஸ் நிறுவனத்தில் பிறந்தது. அதன் இயல்பான முறை இது: கிளையன்ட் ஒரு கோரிக்கையை அனுப்பும், சர்வர் அதற்கான பதிவுகளை நிறுத்தாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும், கடைசியில் 'முடிந்தது' என்ற குறியை அனுப்பும். அந்தக் குறி வரும்வரை இணைப்பில் வரும் ஒவ்வொரு பைட்டும் அந்த வினவலுக்கே உரியது. நடுவில் இன்னொரு வினவலின் பதிலைக் கலந்தால் எது எதனுடையது என்று பிரித்தறிய வழியில்லை. டேட்டாரீடர் இந்த ஓட்டத்தின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் அடுத்த பதிவைக் கேட்கும்போது ஓட்டத்திலிருந்து அடுத்த துண்டை எடுத்துத் தருகிறது. ஆகவே டேட்டாரீடர் திறந்திருக்கும்வரை இணைப்பு அதன் கையில் இருக்கிறது. ஸ்டோர்டு புரொசீஜரின் (சர்வரிலேயே சேமித்து வைத்த நிரலின்) அவுட்புட் அளவுருக்கள் டேட்டாரீடரை மூடிய பிறகுதான் கிடைப்பதற்கும் இதுவே காரணம்: அவை ஓட்டத்தின் வால்பகுதியில் வருகின்றன. பத்து லட்சம் பதிவுகளில் பத்தைப் படித்துவிட்டு டேட்டாரீடரை மூடும்போது மூடுதலே நேரம் பிடிப்பதற்கும் இதுவே காரணம்: மிச்சப் பதிவுகளைப் படித்துக் கொட்டிவிட்டுத்தான் இணைப்பை விடுவிக்க முடியும். அப்படிப்பட்ட இடத்தில் மூடுவதற்கு முன் கமாண்டை ரத்து செய்யுங்கள். அது சர்வருக்கு 'போதும்' என்ற சமிக்ஞையை அனுப்பி ஓட்டத்தை நிறுத்திவிடும்.

உங்கள் பழைய பிஎச்பி நிரல் எப்படித் தப்பித்தது? மைஎஸ்க்யூஎல்லின் நெறிமுறையும் இதே கட்டுப்பாடு உடையதுதான். ஒரு கட்டளையின் பதில் முழுதும் வந்து சேரும்வரை அடுத்ததை அனுப்பக் கூடாது. ஆனால் பிஎச்பியின் மைஎஸ்க்யூஎல் டிரைவர்கள், நீங்கள் வேறுவிதமாகச் சொல்லாதவரை, வினவல் ஓடியவுடன் எல்லாப் பதிவுகளையும் நிரலின் நினைவகத்துக்கு இழுத்துக்கொண்டுவிடும். தெருக்குழாயில் தண்ணீர் வரும்போதே குடங்களில் பிடித்து வைத்துவிட்டால் குழாய் அடுத்தவருக்குக் கிடைத்துவிடுகிறது அல்லவா, அப்படி. நீங்கள் சுழற்சியில் படித்தது பிடித்து வைத்த பதிவுகளை. இணைப்பு எப்போதோ ஓய்வாகிவிட்டது. விலை நினைவகத்தில் கொடுக்கப்பட்டது. பதிவுகள் பெருகினால் பிஎச்பியின் நினைவக வரம்பை எட்டி நிரல் நின்றுவிடும். அதைத் தவிர்க்க பிஎச்பியின் தரவுத்தள இடைமுகமான பிடிஓவில் பஃபர் செய்வதை, அதாவது இப்படி மொத்தமாகப் பிடித்து வைப்பதை, அணைத்துப் பாருங்கள். உங்களுக்கு இப்போது வந்திருக்கும் பிழையின் உடன்பிறப்பு அங்கேயும் வந்து நிற்கும். மைஎஸ்க்யூஎல்லின் சி நூலகத்தில் அதற்கு 2014 என்று எண். கட்டளைகள் ஒழுங்கு தப்பிவிட்டன என்று சொல்லும்.

மைஎஸ்க்யூஎல்லில் இன்னொரு பொறி இருக்கிறது. இதைக் கேட்டு வருகிறவர்கள் பலரும் அதில்தான் சிக்கியிருப்பார்கள். ஸ்டோர்டு புரொசீஜரைக் கால் செய்தால், அது தரும் பதிவுகளுக்குப் பின்னால் நிலையை மட்டும் சொல்லும் கூடுதல் பதில் ஒன்றும் வரும். பதிவுகளைப் படித்து முடித்தவர் வேலை முடிந்தது என்று நினைத்து அடுத்த வினவலை அனுப்புவார். படிக்கப்படாத அந்தச் சின்னப் பதில் இணைப்பை மறித்துக்கொண்டிருக்கும். அடுத்த முடிவுக்கு நகர்த்தியோ கர்சரை (முடிவைப் படித்துவரும் கைப்பிடியை) மூடியோ அதையும் தீர்த்துவிட வேண்டும். பஃபர் செய்யாமல் படிப்பவர்களுக்கு மற்றோர் ஆபத்து: ஒவ்வொரு பதிவுக்கும் நீண்ட வேலை செய்துகொண்டு படிப்பதை இழுத்தடித்தால், சர்வர் எழுத இடமில்லாமல் காத்திருக்கும். அந்தக் காத்திருப்புக்கான வரம்பு, யாரும் மாற்றாதவரை, 60 விநாடி. அதைத் தாண்டினால் சர்வர் இணைப்பைத் துண்டித்துவிடும். நிரலில் பார்த்தால் காரணமே இல்லாமல் பாதிச் சுழற்சியில் தொடர்பு அறுந்தது போலத் தெரியும்.

ஆரக்கிளில் வளர்ந்தவர்களுக்கு உங்கள் கேள்வியே விசித்திரமாகப் படும். அங்கே பதிவுகள் சர்வர் பக்கத்தில் கர்சராக நிற்கின்றன. கிளையன்ட் கேட்கும்போது ஒரு கட்டு வருகிறது. ஜாவா டிரைவரில் அந்தக் கட்டு இயல்பாக 10 பதிவுகள். ஒரு கட்டு வந்து முடிந்ததும் இணைப்பு காலியாக இருப்பதால் நடுவில் எத்தனை கர்சர்களை வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். வரம்பு வேறு வடிவில் வருகிறது: ஓர் அமர்வில் திறந்திருக்கக்கூடிய கர்சர்களுக்கு உச்ச எண்ணிக்கை உண்டு, தொடக்க அமைப்பில் 50. மூட மறந்த ஸ்டேட்மென்ட்கள் சேர்ந்து அதைத் தொட்டால் ஓஆர்ஏ 01000 என்ற பிழை.

போஸ்ட்கிரெஸ் நடுவில் நிற்கிறது. வழக்கமான டிரைவர்கள் எல்லாப் பதிவுகளையும் வாங்கி வைத்துக்கொள்வதால் பிரச்சினை தெரியாது. டாட்நெட்டுக்கான என்பிஜிஎஸ்க்யூஎல் ஓட்டமாகப் படிக்கும். மார்ஸ் போன்ற வசதி அதில் கிடையாது, ஆகவே 'ஏற்கெனவே ஒரு கட்டளை நடந்துகொண்டிருக்கிறது' என்று நிறுத்திவிடும். பெரிய முடிவைத் துண்டு துண்டாக வாங்கவும் வேண்டும், நடுவில் வேறு வினவல்களும் ஓட வேண்டும் என்றால், டிரான்சாக்‌ஷனுக்குள் கர்சரை அறிவித்து ஃபெட்ச் செய்வதே அங்கே முறையான வழி. இரண்டு விஷயங்களை நினைவில் வைக்க வேண்டும். கர்சருக்கான திட்டத்தை வகுக்கும்போது போஸ்ட்கிரெஸ், நீங்கள் பதிவுகளில் பத்தில் ஒரு பங்கைத்தான் படிப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறது. அதனால் முதல் பதிவு விரைவாக வரும் திட்டத்தைத் தேர்ந்தெடுக்கும். முழுவதையும் படிக்கப் போகிறவருக்கு அது மெதுவான திட்டமாக அமையக்கூடும். அந்த விகிதத்தை அமைப்பில் மாற்றலாம். மற்றது, மணிக்கணக்கில் திறந்திருக்கும் டிரான்சாக்‌ஷன், பழைய பதிவுகளை வேக்யூம் துப்புரவு செய்வதைத் தடுக்கும்.

எஸ்க்யூலைட்டில் இணைப்பின் மீது ஓடும் தரவே இல்லை. நூலகம் உங்கள் நிரலுக்குள்ளேயே இருக்கிறது. எத்தனை செலக்ட்களையும் ஒன்றுக்குள் ஒன்றாகத் திறக்கலாம். ஆனால் படித்துக்கொண்டிருக்கும் அட்டவணையையே அதே இணைப்பில் மாற்றினால், நடந்துகொண்டிருக்கும் செலக்ட்டுக்கு அந்த மாற்றம் தெரியுமா தெரியாதா என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்று அதன் ஆவணமே சொல்கிறது. அதை நம்பி எழுதாதீர்கள்.

இப்போது மார்ஸ். 2005ஆம் ஆண்டு எஸ்க்யூஎல் சர்வர் பதிப்போடும் டாட்நெட்டின் தரவு அணுகல் நூலகமான ஏடிஓ டாட்நெட் 2.0 உடனும் வந்தது. இயல்பாக அணைந்திருக்கும், நீங்கள்தான் இயக்க வேண்டும். உள்ளே நடப்பது எளிது: ஒரே டிசிபி இணைப்புக்குள் எஸ்எம்பி என்ற சிறு நெறிமுறை பல தருக்க அமர்வுகளை உண்டாக்குகிறது. ஒவ்வொரு துண்டின் தலையிலும் 16 பைட் தலைப்பு ஒன்று சேர்கிறது. அதில் அமர்வு எண் இருப்பதால் எந்தப் பதிவு எந்த வினவலுக்கு உரியது என்று பிரித்துவிட முடிகிறது. படிக்காமல் கிடக்கும் ஓர் அமர்வு மற்றதை அடைத்துவிடாதபடி ஒவ்வோர் அமர்வுக்கும் தனி ஓட்டக் கட்டுப்பாடும் உண்டு.

இதை இணையோட்டம் என்று எண்ணுவோர் உண்டு. அப்படி எண்ணினால் தவறான இடத்தில் பயன்படுத்திவிடுவோம். மார்ஸில் வினவல்கள் ஒன்றுக்கொன்று வழிவிட்டு மாறி மாறி ஓடுகின்றன. செலக்ட் பதிவுகளை அனுப்பும் நிலையில் வழிவிடும். இன்செர்ட், அப்டேட், டெலீட் ஆகியவை வழிவிடாது. ஒன்று தொடங்கினால் அது முடியும்வரை அந்த இணைப்பின் மற்ற வினவல்கள் நகராது. மேலும் இணைப்பு என்ற பொருள் பல திரெட்கள் (இணையாக ஓடும் செயல்தடங்கள்) ஒரே நேரத்தில் தொடுவதற்கு உரியதாக மார்ஸால் மாறிவிடுவதில்லை. ஒரே இணைப்பை வைத்துக்கொண்டு பல அசிங்க் பணிகளை ஒன்றாகத் தட்டிவிடுவதற்கு அது அனுமதிச்சீட்டு ஆகாது.

உங்கள் நிரலுக்கு நல்ல செய்தி ஒன்று. வெளிச் செலக்ட்டும் உள் அப்டேட்டும் ஒரே டிரான்சாக்‌ஷனில் இருந்தால், செலக்ட் தொடங்கிய பின் அப்டேட் செய்த மாற்றங்கள் அந்தச் செலக்ட்டுக்குத் தெரியாது என்பது மார்ஸின் ஆவணப்படுத்தப்பட்ட நடத்தை. நீங்கள் திருத்திய ஆர்டரே மீண்டும் சுற்றி வந்து கைக்குள் விழும் என்ற பயம் அந்த அளவுக்குத் தேவையில்லை.

கவனிக்க வேண்டியவை டிரான்சாக்‌ஷனின் ஓரங்களில் இருக்கின்றன. ஒரு டேட்டாரீடர் இன்னும் திறந்திருக்கையில் கமிட் செய்யப் (மாற்றங்களை நிலைப்படுத்தப்) போனால், இந்த டிரான்சாக்‌ஷனில் முடியாத கோரிக்கைகள் இருக்கின்றன என்று 3981 என்ற பிழை வரும். டிரான்சாக்‌ஷனை எஸ்க்யூஎல் கூற்றாகவே தொடங்கி, அதே தொகுப்புக்குள் (ஒரே தடவையில் அனுப்பும் கூற்றுகளுக்குள்) முடிக்காமல் விட்டால், தொகுப்பு முடிந்ததும் அது தானாக ரோல்பேக் ஆகிவிடும், அதாவது செய்தவை எல்லாம் திரும்பப் பெறப்படும். மார்ஸ் இல்லாத இணைப்பில் அது அடுத்த தொகுப்புவரை உயிரோடு இருந்திருக்கும். பழைய நிரல் ஒன்றில் மார்ஸை இயக்கும்போது திடீரென்று உடையக்கூடிய இடம் இது. அட்டவணைகளை சி ஷார்ப் பொருட்களாகக் கையாள உதவும் என்டிட்டி ஃபிரேம்வொர்க் கோர் நூலகத்தைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் இன்னொன்று: மார்ஸ் இயங்கும் இணைப்பில் அது சேவ்பாயின்ட்களை (பாதியில் திரும்பிச் செல்வதற்கான குறிகளை) உருவாக்காது. நீங்கள் மார்ஸை உண்மையில் பயன்படுத்தாவிட்டாலும், இணைப்புச் சரத்தில் அது இருந்தாலே போதும். சேமிக்கும்போது பாதியில் பிழை வந்தால் டிரான்சாக்‌ஷன் எந்த நிலையில் நிற்கிறது என்று உறுதியாகச் சொல்ல முடியாமல் போகும். பணம் தொடர்பான நிரலில் இதை நான் சிறிய விஷயமாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

அதைவிட எனக்குக் கவலை தருவது, மார்ஸ் ஒரு நல்ல எச்சரிக்கையை வாயடைத்துவிடுகிறது என்பது. நீங்கள் கண்ட பிழை இரண்டு காரணங்களால் வரலாம். ஒன்று, உங்கள் நிரல் போல, தெரிந்தே ஒன்றுக்குள் ஒன்றாகப் படிப்பது. இன்னொன்று, எங்கோ ஒரு செயல்கூறு டேட்டாரீடரைத் திறந்துவிட்டு, நடுவில் ரிட்டர்ன் ஆகியோ பிழை எறிந்தோ, மூடாமல் போய்விட்டது. இரண்டாவதில் பிழை காட்டும் வரி நிரபராதி; குற்றம் முந்நூறு வரிகளுக்கு முன்னால் இருக்கலாம். மார்ஸை இயக்கினால் இரண்டாவதும் மறைந்துவிடும். மூடாத டேட்டாரீடர்கள் சத்தமில்லாமல் சேரும். சோதனைச் சூழலிலாவது மார்ஸை அணைத்து வைத்து ஓட்டுங்கள், ஒவ்வொரு டேட்டாரீடரையும், வெளியேறும்போது தானாக மூடிவிடும் யூசிங் கூற்றுக்குள் வையுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

அடுத்து நீங்கள் கேட்ட தனி இணைப்பு. பலரும் இதைத்தான் பாதுகாப்பான வழி என்று பரிந்துரைக்கிறார்கள். படிப்பது மட்டும்தான் வேலை, இரண்டு வினவல்களுக்கும் ஒரே டிரான்சாக்‌ஷன் தேவையில்லை என்றால் அது நல்ல வழிதான். உங்கள் நிரலுக்கு இருக்கும் வழிகளில் அதுவே மிக மோசமானது.

ஏன் என்று படிப்படியாகப் பாருங்கள். முதல் இணைப்பு ஆர்டர்களைப் படித்துக்கொண்டிருக்கிறது. சர்வர் இப்போது அனுப்பிக்கொண்டிருக்கும் பதிவின் மீதோ பக்கத்தின் மீதோ பகிர்வு லாக் (படிக்கும்போது மற்றவர் மாற்றாதபடி போடும் பூட்டு) வைத்திருக்கிறது. நீங்கள் படிக்காததால் அனுப்ப இடமில்லாமல் அங்கேயே நிற்கிறது. இரண்டாவது இணைப்பு அதே பக்கத்தில் உள்ள ஓர் ஆர்டரை அப்டேட் செய்யப் பார்க்கிறது, லாக்குக்காகக் காத்திருக்கிறது. உங்கள் நிரலோ அந்த அப்டேட் முடியட்டும் என்று காத்திருக்கிறது. அது முடிந்தால்தான் முதல் இணைப்பிலிருந்து அடுத்த பதிவைப் படிக்கும். வட்டம் மூடிவிட்டது. ஆனால் இந்த வட்டத்தின் ஒரு கண்ணி உங்கள் நிரலுக்குள் இருக்கிறது. இப்படி ஒன்றுக்காக ஒன்று காத்து நிற்கும் முடிச்சுகளைத் தேடும், சர்வரின் டெட்லாக் கண்காணிப்பாளருக்கு அது தெரியாது. சர்வரின் பார்வையில் இரண்டாவது இணைப்பு முதலாவதுக்காகக் காத்திருக்கிறது, முதலாவது கிளையன்டுக்காகக் காத்திருக்கிறது. அவ்வளவுதான், டெட்லாக் எதுவும் இல்லை. ஆகவே யாரையும் பலி கொடுத்து விடுவிக்காது. ஏடிஓ டாட்நெட்டில் கமாண்டுக்கான இயல்பான கால வரம்பு 30 விநாடி. அது தீர்ந்து 'டைம்அவுட்' என்று விழும்வரை எல்லாம் அப்படியே உறைந்து கிடக்கும். யாராவது 'வினவல் மெதுவாக இருக்கிறது' என்று நினைத்து அந்த வரம்பை 300 ஆக்கிவைப்பார்கள். உறைதல் ஐந்து நிமிடமாக நீளும்.

இதில் கொடுமை, சோதனைத் தரவில் இது வரவே வராது. ஐம்பது ஆர்டர்கள் என்றால் சர்வர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் அனுப்பிவிட்டு லாக்கை விட்டுவிடும். பதிவுகள் வழியில் உள்ள பஃபர்களில் அடங்கிவிடும். உண்மையான தரவில், மாதக் கடைசியில், பதிவுகள் பஃபர்களை மிஞ்சும் இரவில்தான் முதல் தடவையாக நிற்கும். தரவுத்தளத்தில் ரீட் கமிட்டட் ஸ்நாப்ஷாட் என்ற அமைப்பு இயங்கினால் படிக்கும் வினவல் பகிர்வு லாக் எடுக்காது என்பதால் இந்தக் குறிப்பிட்ட முடிச்சு விழாது. அஷூர் எஸ்க்யூஎல் தரவுத்தளங்களில் அது இயல்பாகவே இயங்கும். ஆனாலும் முதல் இணைப்பின் டிரான்சாக்‌ஷன் எதையாவது எழுதியிருந்து, இரண்டாவது அதைத் தொட்டால், அதே முடிச்சு.

இன்னும் இரண்டு இடர்கள். இணைப்புகளின் பூலில் (மறுபயன்பாட்டுக்காகத் திறந்து வைத்த இணைப்புகளின் தொகுதியில்) இயல்பான உச்ச எண்ணிக்கை 100. ஒவ்வொரு கோரிக்கையும் ஓர் இணைப்பைப் பிடித்துக்கொண்டு இரண்டாவதைக் கேட்கும் நிரலில், ஒரே நேரத்தில் நூறு கோரிக்கைகள் முதல் இணைப்பைப் பிடித்துவிட்டால் இரண்டாவது யாருக்குமே கிடைக்காது. இரவு நிரலில் இது வராமல் போகலாம். இணையதளத்தின் பின்புலத்தில் வரும். மற்றது, இரண்டு இணைப்புகளையும் டிரான்சாக்‌ஷன்ஸ்கோப்பால் கட்டிப்போட நினைத்தால், ஒரே நேரத்தில் இரண்டும் திறந்திருப்பதால் அது பகிர்ந்த டிரான்சாக்‌ஷனாக உயர்ந்துவிடும். டாட்நெட் கோரில் அந்த ஆதரவு டாட்நெட் 7 பதிப்பில்தான் வந்தது. அதுவும் விண்டோஸில் மட்டும். லினக்ஸ் கண்டெய்னரில் ஓடும் நிரலுக்கு அந்தக் கதவு மூடியே இருக்கிறது.

இதுவரை எழுதியவை ஆவணங்களிலும் நெறிமுறையிலும் உள்ளவை, நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம். இனி எழுதுவது, இப்படிப்பட்ட நிரல்களைப் பராமரித்த அனுபவத்தில் நான் எடுக்கும் தீர்மானங்கள். உங்கள் அட்டவணைகளின் அளவு, இன்டெக்ஸ்கள், தனிமைப்படுத்தும் நிலை, தொகையைக் கணக்கிடும் விதி ஆகியவற்றைப் பார்க்காமல் சொல்கிறேன் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றுக்குள் ஒன்றாகத் திறந்த டேட்டாரீடரைப் பார்த்தால் நான் முதலில் கேட்பது, இந்தச் சுழற்சியே தேவைதானா என்று. ஆர்டர் ஒவ்வொன்றுக்கும் ஒரு செலக்ட், ஓர் அப்டேட் என்றால், ஒரு லட்சம் ஆர்டர்களுக்கு இரண்டு லட்சம் முறை சர்வருக்குப் போய் வர வேண்டும். போய் வர ஒரு மில்லி விநாடி என்று வைத்தால்கூட மூன்று நிமிடத்துக்கு மேல் வெறும் நடையிலேயே போகிறது. தொகை என்பது அளவையும் விலையையும் பெருக்கிக் கூட்டுவதுதான் என்றால், பொருட்கள் அட்டவணையை ஆர்டர் எண் வாரியாகத் தொகுத்து, ஆர்டர்களோடு ஜாயின் செய்து, ஒரே அப்டேட்டில் முடித்துவிடலாம். டேட்டாரீடரும் வேண்டாம், மார்ஸும் வேண்டாம். நீங்கள் விவரித்த நிரலுக்கு இதுவே என் முதல் பரிந்துரை.

வரி, தள்ளுபடி, வாடிக்கையாளர் ஒப்பந்தம் என்று விதிகள் சிக்கலாகி சி ஷார்ப்பில்தான் எழுத முடியும் என்றால், கட்டுக் கட்டாகச் செய்யுங்கள். ஆர்டர் எண் வரிசையில் ஆயிரம் ஆர்டர்களை எடுத்துப் பட்டியலில் போட்டு டேட்டாரீடரை மூடிவிடுங்கள். அந்த ஆயிரத்துக்கும் உரிய பொருட்களை ஒரே செலக்ட்டில் எடுத்து, ஆர்டர் எண்ணைச் சாவியாகக் கொண்ட டிக்ஷனரியில் அடுக்குங்கள். கணக்கிடுங்கள். முடிவுகளை ஒரே அட்டவணை அளவுருவாக (பல வரிசைகளை ஒன்றாகக் கொண்டுசெல்லும் அளவுருவாக) அனுப்பி ஒரே அப்டேட்டில் எழுதுங்கள். கமிட். அடுத்த கட்டுக்கு, கடைசியாகக் கையாண்ட ஆர்டர் எண்ணைவிடப் பெரியவற்றில் முதல் ஆயிரம். ஆர்டர் எண்களை ஒவ்வொன்றாக அளவுருக்களாக அனுப்ப நினைத்தால் ஒரு கோரிக்கைக்கு 2100 என்ற வரம்பு குறுக்கே வரும். அட்டவணை அளவுருவுக்கு அந்தத் தொல்லை இல்லை. கட்டை ஏன் பத்தாயிரமாக வைக்கவில்லை என்றால், ஒரே கூற்று ஏறத்தாழ 5000 லாக்குகளைப் பிடிக்கும்போது எஸ்க்யூஎல் சர்வர் அவற்றை முழு அட்டவணை லாக்காக உயர்த்தப் பார்க்கும். இரவிலும் ஆர்டர் போடும் வாடிக்கையாளர்கள் இருந்தால் அவர்கள் அதை உணர்வார்கள்.

இதில் நீங்கள் இழப்பது ஒன்று உண்டு: முழு இரவின் வேலையும் ஒரே டிரான்சாக்‌ஷனாக இருக்காது. பாதியில் நின்றால் சில கட்டுகள் முடிந்திருக்கும், சில முடிந்திருக்காது. நிலுவை என்ற குறியை வைத்தே அடுத்த ஓட்டம் விட்ட இடத்தில் தொடங்குமாறு எழுதினால் அது குறையாகத் தெரியாது. பெரும்பாலும் நன்மையாகவே முடியும். எல்லாம் ஆனால் எல்லாம், இல்லையென்றால் எதுவுமே இல்லை என்பது உங்கள் தொழிலின் கட்டாயமாக இருந்தால் மட்டும் கட்டுகளைச் சுற்றி ஒரே டிரான்சாக்‌ஷனை வையுங்கள். அப்போதும் டேட்டாரீடர்கள் ஒவ்வொன்றாகத்தான் திறக்கும்.

சிறிய வசதி ஒன்றையும் பலர் மறந்துவிடுகிறார்கள். ஆர்டர்களுக்கான செலக்ட்டையும் பொருட்களுக்கான செலக்ட்டையும் ஒரே கோரிக்கையில் அனுப்பி, முதல் முடிவைப் படித்ததும் டேட்டாரீடரை அடுத்த முடிவுக்கு நகர்த்தலாம். இரண்டு முடிவுகள், ஒரே பயணம், ஒன்றன்பின் ஒன்றாக. மார்ஸ் வருவதற்கு முன்பிருந்தே இருக்கும் வழி. எந்தக் கட்டுப்பாட்டையும் மீறுவதில்லை.

மார்ஸே சரியான விடையாக இருக்கும் இடங்களும் உண்டு. வெளி முடிவு நினைவகத்தில் அடங்காத அளவு பெரியது, உள்ளே ஓட வேண்டியவை சின்ன வினவல்கள், எல்லாம் ஒரே டிரான்சாக்‌ஷனில் இருந்தாக வேண்டும், கட்டுகளாகப் பிரிக்கவும் முடியாது என்றால், அது அதற்காகவே செய்யப்பட்டது. ஆரக்கிளிலிருந்து மாற்றிக் கொண்டுவந்த நிரல், ஒவ்வொரு பக்கத்திலும் ஒன்றுக்குள் ஒன்றாகக் கர்சர்கள் என்றால், அதை மாற்றி எழுத ஒரு வருடம் ஆகும். அதுவரை மார்ஸை இயக்கி வைப்பதில் தவறில்லை. லேசி லோடிங்கை (தொடர்புடைய தரவைத் தொடும்போதுதான் வினவி எடுக்கும் முறையை) நம்பி எழுதிய பழைய என்டிட்டி ஃபிரேம்வொர்க் நிரல்களுக்கும் அப்படியே. வேகத்தைப் பற்றி ஒரு சொல்: விண்டோஸில் மார்ஸால் பெரிய தாமதத்தை நான் கண்டதில்லை. லினக்ஸில் ஓடும் நிரல்களில், சுமை கூடும்போது மார்ஸ் இணைப்புகள் மிகவும் மெதுவாகி டைம்அவுட் ஆகும் சிக்கல் மைக்ரோசாஃப்ட்டின் டிரைவரிலேயே பதிவாகி, அதன் மீது நீண்ட நாள் வேலை நடந்தது. உங்கள் நிரல் லினக்ஸில் ஓடினால், உண்மையான சுமையில் மார்ஸோடும் மார்ஸ் இல்லாமலும் அளந்து பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள்.

இன்றிரவே நிரல் ஓடியாக வேண்டும் என்றால் மார்ஸ் இயங்கட்டும். நீங்கள் விவரித்த அளவில் அது தரவைக் கெடுக்கும் என்று நான் நினைக்கவில்லை. கமிட்டுக்கு முன் வெளி டேட்டாரீடர் மூடப்பட்டிருக்கிறதா என்பதை மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள். தனி இணைப்பு வழிக்கு மட்டும் போகாதீர்கள். பிறகு நேரம் கிடைக்கும்போது, தொகையைக் கணக்கிடும் விதியையும், இரண்டு அட்டவணைகளின் அமைப்பையும், ஓர் இரவில் வரும் ஆர்டர்களின் எண்ணிக்கையையும் இங்கே எழுதுங்கள். அது ஒரே அப்டேட்டில் அடங்குமா, கட்டுகளாகத்தான் செய்ய வேண்டுமா என்று பார்த்து, கூற்றையே எழுதித் தருகிறேன்.